ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒரு குழந்தை

போன மாதம் பவித்ரா போன் பண்ணினாள். பெங்களூர் வைட்ஃபீல்டில் ஒரு ஐ.டி. கம்பெனியின் டிரான்ஸ்போர்ட் டெஸ்கில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். நான் போன வருஷம் ஓய்வு பெற்றேன்.

“அக்கா, புது ஆப் வந்துடுச்சு. எந்த வண்டில யாரு, எந்த ரூட்டு, எல்லாம் அதுவே போட்டுக்குது. ஒரே ஒரு டவுட்டு. அதுல ‘மஞ்சள்’னு ஒரு பட்டன் இருக்கு. அமுக்கினா அந்த ஆளை முதல்ல இறக்கி விட்டுடுது. யாரு வெச்சாங்க, எதுக்கு மஞ்சள், இங்க ஒருத்தருக்கும் தெரியல. எடுத்துடலாமான்னு கேக்கறாங்க.”

“எடுத்துடாதே கண்ணு. அதுக்குப் பின்னாடி ஒரு குழந்தை இருக்கு.”

போனில் சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் அது மஞ்சளோடு நிற்காமல் எங்கெங்கோ போகிறது. போகட்டும், இப்போது எனக்கு நேரம் இருக்கிறது.

நான் மர்பி டவுன்காரி. பெயர் ரோஸ்லின். கல்யாணமான புதிதில் அல்சூரில் ஒரு மின்சாமான் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். மூத்தவன் பிறந்ததும் வேலையை விட்டேன். ‘விட்டேன்’ என்று சொல்வது பழக்கதோஷம். பிரசவத்துக்கு நான் லீவு கேட்டபோதே முதலாளி என் நாற்காலிக்கு வேறொரு பெண்ணைப் பார்த்து வைத்துவிட்டு, “நீ நல்லபடியா குழந்தையைப் பாரும்மா” என்று ஆசீர்வாதம் பண்ணி அனுப்பிவிட்டார். என் வீட்டுக்காரர் அருளுக்கு நடந்தது வேறு. அவர் ஒரு அச்சகத்தில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். குழந்தை பிறந்ததற்கான இனிப்பை அவர் முதலாளியிடம் நீட்டியதும், “குடும்பஸ்தன் ஆயிட்டே, இனிமே பொறுப்பா இருப்பே” என்று சம்பளத்தை உயர்த்திவிட்டார். ஒரே குழந்தைதான், அதே மூக்கு, அதே அழுகை. அது எனக்கு வேலையைப் பிடுங்கிக்கொண்டு அவருக்கு இன்கிரிமென்ட் கொடுத்தது. இரண்டாமவன் பிறந்தபோது அவரை சூப்பர்வைசர் ஆக்கினார்கள்.

“இன்னொண்ணு பெத்தா நீங்க முதலாளி ஆயிடுவீங்க போல இருக்குது,” என்றேன். அவர் சிரித்தார். மூன்றாவதுக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை.

பையன்கள் தாங்களே ஷூ லேஸ் கட்டிக்கொள்கிற வயதுக்கு வந்த பிறகுதான் நான் மறுபடி வேலைக்குக் கிளம்பினேன். வைட்ஃபீல்டில் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம். எனக்குத் தமிழ், கன்னடம், உருது மூன்றும் சண்டை போடுகிற அளவுக்கு வரும். டிரைவர்களைச் சமாளிக்க அது போதும் என்று டிரான்ஸ்போர்ட் டெஸ்கில் எடுத்துக்கொண்டார்கள். பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. முதல் வாரம் எல்லாரும் என்னைத் திட்டினார்கள். இரண்டாவது வாரம் நானும் திட்டக் கற்றுக்கொண்டேன்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் பெல்லியப்பா சார். குடகுக்காரர், ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ் ஜவான்களோடு பல வருஷம் இருந்ததால் தமிழ் பேசுவார், ஆனால் எதைச் சொன்னாலும் உத்தரவு மாதிரியே கேட்கும். டீ வேண்டுமா என்று அவர் கேட்டால் எழுந்து நிற்கத் தோன்றும். என்னை எப்போதும் ‘மேடம்’ என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் ‘மேடம்’ இரண்டு தரம் வரும்.

அவருடைய அறையில் ஒரு சுவர் முழுக்க இரும்புத் தகடு. அதன் மேல் பெங்களூரின் கிழக்குப் பக்கம் மொத்தமும் வரைபடமாக ஒட்டியிருக்கும். வண்டியில் வருகிற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு காந்தம். ஆணுக்கு நீலம், பெண்ணுக்குச் சிவப்பு. காலையில் ஏற்றும்போது தூரத்தில் இருப்பவரை முதலில் ஏற்றி, வர வர பக்கத்தில் இருப்பவரை. வீட்டில் விடும்போது அப்படியே தலைகீழ், ஆபீசுக்குப் பக்கத்தில் வீடு இருப்பவர் முதலில் இறங்க வேண்டும். இருட்டிய பிறகு பெண் கடைசியாக இறங்கக் கூடாது. அப்படி வந்தால் ஒரு காவலாளி வண்டியில் கூடப் போக வேண்டும். வாசலில் மூன்று நிமிஷம் காத்திருக்கலாம், அப்புறம் ஒரு போன், அப்புறம் வண்டி கிளம்பிவிடும். தினமும் சாயங்காலம் பெல்லியப்பா சார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தத் தகட்டின் முன்னால் நிற்பார். மாரத்தஹள்ளிக் காந்தத்தை ஒரு விரல் அகலம் நகர்த்துவார். கொஞ்சம் யோசிப்பார். திரும்ப அதே இடத்தில் வைப்பார். நான்கு பேர் வீடு போய்ச் சேர்வது அந்த ஒரு விரல் அகலத்தில் இருந்தது.

நான் யாருக்காவது பரிந்து பேசினால் அவர் பதில் ஒன்றுதான்.

“மேடம், ரூட்ல ஃபீலிங்ஸ் ஏத்தாதீங்க. சீட் நாலுதான் இருக்கு.”

ஆனால் ஃபீலிங்ஸ் என்னிடம்தான் வந்து நிற்கும். சீக்கிரம் போக வேண்டும், வண்டி மாற்ற வேண்டும் என்றால் என் கவுன்டரில் காரணம் சொல்ல வேண்டும். பெண்கள் சொல்லும் காரணங்கள்: தலைவலி, பல் டாக்டர், கேஸ் சிலிண்டர். ஆண்கள் சொல்வது: பைக் சர்வீஸ், பிளம்பர், பேங்க். குழந்தை என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். குழந்தை என்று சொன்னால் பெண்ணுக்கு வேலையில் மனசு இல்லை என்பார்கள் என்று பெண்கள் மறைத்தார்கள். குழந்தை என்று சொன்னால் கூட இருக்கிறவன் சிரிப்பான் என்று ஆண்கள் மறைத்தார்கள். ஒருவன் ஒரே மாதத்தில் மூன்று தடவை பைக் சர்வீசுக்குப் போனான். “அந்த பைக்கை வித்துடு தம்பி,” என்றேன். அவன் குரலைத் தாழ்த்தி, “பைக்கே இல்லக்கா. பொண்ணுக்கு ஸ்கூல் அட்மிஷன்,” என்றான். என் கவுன்டரில் சொன்ன காரணங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்தக் கம்பெனியில் வேலை செய்த ஒருவருக்கும் குழந்தையே கிடையாது.

கொரோனா வந்தபோது இந்த வேஷம் கலைந்தது. எல்லாரும் வீட்டிலிருந்து வேலை பார்த்தார்கள், எல்லார் வீட்டுக் குழந்தையும் மீட்டிங்கில் அழுதது. பெரிய அதிகாரி ஒருவர் அமெரிக்காக்காரனிடம் பேசும்போது பின்னால் அவர் மகன் டவலோடு ஓடினானாம். அதோடு எல்லாம் மாறிவிடும் என்று நினைத்தேன். ஆபீஸ் மறுபடி திறந்தது. தலைவலியும் பைக் சர்வீசும் திரும்பி வந்துவிட்டன.

அப்படித் திறந்த புதிதில்தான் கீர்த்தனாவும் மகேஷும் வருகிறார்கள்.

இருவரும் அதே கம்பெனி, புருஷன் பெண்டாட்டி. கீர்த்தனாவுக்குத் திருப்பத்தூர், மகேஷுக்கு தர்மபுரி. வர்த்தூரில் வாடகை வீடு. கீர்த்தனா ஐந்தாவது மாடியில், வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் சிஸ்டம் படுத்துக்கொண்டால் தூக்கி நிறுத்துகிற டீமில் ஷிஃப்ட் லீட். மகேஷ் இரண்டாவது மாடியில் டெஸ்டிங்கில் இருந்தான். வேலையில் அவள்தான் ஒரு படி மேலே. அதை அவனே பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

குழந்தை யாழினி பிறந்து, ஆறு மாத லீவு முடிந்து கீர்த்தனா வேலைக்கு வந்தாள். கொஞ்ச நாள் மகேஷின் அம்மா வந்து பார்த்துக்கொண்டார். அதற்குள் அவருடைய மகளுக்குப் பிரசவம், ஊருக்குப் போய்விட்டார். அப்புறம் வைத்த ஆயா சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள். கீர்த்தனாவுக்குக் காலை ஷிஃப்ட், விடியும் முன்னே கிளம்ப வேண்டும். அந்த நேரத்துக்கு எந்த டேகேரும் திறப்பதில்லை. அதனால் மகேஷ் மதிய ஷிஃப்ட் வாங்கிக்கொண்டான். காலையில் அவன் பார்ப்பது, மதியத்திலிருந்து அவள் பார்ப்பது. கேட்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் மதிய ஷிஃப்ட்காரர்கள் வந்து உட்கார்ந்த அரை மணி கழித்துத்தான் காலை ஷிஃப்ட்காரர்கள் எழுந்திருக்கலாம் என்பது கம்பெனி விதி. அந்த அரை மணி நேரம் அப்பாவும் ஆபீசில், அம்மாவும் ஆபீசில். குழந்தை யாருடையது?

முதல் நாள், வர்த்தூர் வண்டி ஓட்டுகிற நாகராஜ் போன் பண்ணினான். ஆனேக்கல் பையன், தமிழும் கன்னடமும் கலந்துதான் பேசுவான்.

“அக்கா, மகேஷ் சார் ஒரு லக்கேஜ் எடுத்துட்டு வந்திருக்காரு.”

“லக்கேஜ் தானே, டிக்கியில போடு.”

“டிக்கியில போட ஆகல்லக்கா. லக்கேஜ் அழுவுது.”

அடையாள அட்டை இல்லாத ஆள் கம்பெனி வண்டியில் ஏறக் கூடாது. அடையாள அட்டை இல்லாத குழந்தையைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. “சரி, மெதுவா ஓட்டிட்டு வா,” என்றேன்.

வண்டி வந்ததும் நான் வாசலுக்கு ஓடினேன், அங்கே அடுத்த சிக்கல். விசிட்டர் பாஸ் இல்லாமல் செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. பாஸுக்குப் போட்டோ எடுக்க வேண்டும், யாழினி கேமராவைப் பார்க்கவில்லை. அந்த மீசைக்காரச் செக்யூரிட்டி தொப்பியைக் கழற்றி ஆட்டி, விசிலை மெல்ல ஊதி, ஒரு வழியாகப் படம் எடுத்தான். “யாரைப் பார்க்கணும்?” என்று கேட்டான். அம்மாவை என்றேன். “என்ன விஷயமா?” “பசி,” என்றேன். அப்படியே பதிந்துகொண்டு, பாஸை அவள் கவுனில் குத்திவிட்டான். மகேஷ் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு மாடிக்கு ஓடினான். அரை மணி கழித்துக் கீர்த்தனா இறங்கி ஓடிவந்து வாங்கிக்கொண்டு போனாள். அந்த அரை மணி யாழினி என் மேஜை மேல் உட்கார்ந்து ஸ்டேப்ளரை ருசி பார்த்தாள்.

இப்படி இரண்டு நாள் போயிற்று. மூன்றாவது நாள் நான் போனில் ஒரு டிரைவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். திரும்பினால் குழந்தை பெல்லியப்பா சாரின் தகட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கீழ் வரிசைக் காந்தமெல்லாம் தரையில். வர்த்தூர், குஞ்சூர், கார்மேலாரம் மூன்று ரூட்டும் காலி. வாசலில் பெல்லியப்பா சார்.

“மேடம். மேடம். இந்தப் பயணி எந்த ரூட்?”

சொன்னேன். அவர் குனிந்து, குழந்தையின் கவுனில் இருந்த பாஸை முழுசாகப் படித்தார். ‘பசி’ என்ற இடத்தில் அவர் மீசை கொஞ்சம் அசைந்தது. ஆனால் நிமிர்ந்தபோது முகம் பழையபடி ஆகிவிட்டது.

“பாஸ் சரி. வண்டி சரியில்ல. நம்ம வண்டிக்கு இருக்கிற இன்ஷூரன்ஸ் எம்ப்ளாயிக்கு மட்டும்தான். டேங்கர் லாரி வந்து இடிச்சா இந்தக் குழந்தைக்கு யாரு பதில் சொல்றது? நீங்களா, நானா? நாளையிலேர்ந்து ஏத்தக் கூடாது.”

அவர் சொன்னது சரி.

கீர்த்தனாவிடம் சொன்னேன். அவள் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அவளோ என் எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, குழந்தையின் கவுனிலிருந்து பாஸைக் கழற்றினாள்.

“சரிக்கா. பேப்பர் போட்டுடறேன், வேலையை விட்டுடறேன்.”

“ரெண்டு பேரும் பேசினீங்களா?”

“பேச என்ன இருக்கு? வேற யாரு போடுவாங்க? எங்க அம்மா, அத்தை, மேலே என் மேனேஜர், எல்லாருமே நான் எப்போ போடுவேன்னுதான் பாத்துட்டு இருக்காங்க. நான் லீவுலேர்ந்து வந்த அன்னிக்கே ஒருத்தர் கேட்டாரு, ‘எவ்ளோ நாள் இருப்பே?’ன்னு. கெஸ்ட் ஹவுஸ்ல கேக்கற மாதிரி.”

மறுநாள் மகேஷ் வந்தான். இரவெல்லாம் வீட்டில் சண்டை நடந்த முகம்.

“அக்கா, அவ போடக் கூடாது. அவ என்னை விட நல்லா வேலை பாக்கிறா. நான் ஜெனரல் ஷிஃப்ட் கேக்கறேன், காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும். காலையில டேகேர் தொறந்ததும் விட்டுட்டு வந்துடுவேன். மத்தியானம் ஷிஃப்ட் முடிஞ்சு அவ எடுத்துப்பா. அவளுக்கு வேலை இழுத்துட்டா சாயங்காலம் நான் எடுத்துப்பேன்.”

“உங்க மேனேஜர்கிட்ட என்ன காரணம் சொல்லுவே? பைக் சர்வீசா?”

“குழந்தைன்னே சொல்லப் போறேன்க்கா.”

சொன்னான். அதன் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அவன் மேனேஜர் எல்லாரையும் கூட்டிவைத்து, “இவர்தான் இந்தக் காலத்து அப்பா” என்று மகேஷைத் தோளில் தட்டிக்கொடுத்தார். இரண்டாவது மாடி முழுக்கக் கை தட்டினார்கள். கேக் கூட வெட்டினார்கள். ஒரு துண்டை மகேஷ் டிஷ்யூ பேப்பரில் சுற்றிக் கீர்த்தனாவுக்குக் கொண்டு போனான். அவள் அதை வாங்கி என் மேஜையில் வைத்துவிட்டாள்.

“நீங்களே சாப்பிடுங்கக்கா. நான் இத்தனை மாசமா ராத்திரி கண் முழிச்சு, விடியக்காலையில இங்க வந்து நிக்கறேன். எனக்கு ஒருத்தனும் ஒரு பிஸ்கட்டு கூடக் குடுக்கல. இவரு ஒரு ஷிஃப்ட் மாத்தினாராம், கேக்காம்!”

நான் சாப்பிட்டேன். கேக் மேல் எனக்கு விரோதம் இல்லை.

சாயங்காலம் குழந்தையை எடுக்கும் நாட்களில் மகேஷ் முதலில் இறங்க வேண்டியிருந்தது. டேகேர் ஏழு மணிக்குச் சாத்திவிடும். கவுன்டரில் மறைத்தாலும், வண்டிக்குள் கைக்குழந்தைக்காரப் பெண் யாராவது கெஞ்சினால், மற்றவர்கள் விட்டுக்கொடுப்பார்கள். அது பழக்கமாகவே இருந்தது. மகேஷ் கேட்டபோது வண்டியில் இருந்த மூன்று பேரும் ஒரே குரலில், “வீட்ல மேடம் இல்லையா?” என்றார்கள். பஞ்சாயத்து பெல்லியப்பா சாரிடம் போனது.

மறுநாள் காலையில் அவர் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜையில் கொட்டினார். எல்லாம் மஞ்சள் காந்தம்.

“மேடம், இதுவரைக்கும் நம்ம போர்டுல ரெண்டு கலர். குழந்தை சிவப்பா, நீலமா? ரெண்டும் இல்ல. அன்னிக்கு யாரு போய் எடுக்கணுமோ, அவங்க மஞ்சள். ஆணா பெண்ணா எனக்கு வேண்டாம். மஞ்சள் முதல்ல இறங்கும்.”

“சார், இது ஃபீலிங்ஸ் இல்லையா?”

“இல்ல. டேகேர் சாத்தற டைம். அது டைமிங்.”

மஞ்சளுக்கு முதலில் பெண்கள் மட்டும்தான் வந்தார்கள். ஆண்கள் வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். பிறகு ஒருவன் வந்தான், அவனைப் பார்த்து இன்னொருவன். சீக்கிரமே கல்யாணமாகாத ஒருவனும் மஞ்சள் கேட்டான். அவன் வீட்டில் லாப்ரடார் குட்டி தனியாக இருக்கிறதாம். பெல்லியப்பா சார் நாயின் போட்டோவைக் காட்டச் சொல்லி நிதானமாகப் பார்த்தார். “நல்ல ஆரோக்கியமா இருக்கு. நீலம்,” என்றார்.

ஆனால் மகேஷுக்குத் தட்டிய கை நாளாக ஆகத் தேய்ந்தது. ஹைதராபாத்தில் வாடிக்கையாளர் ஆபீசில் பத்து நாள் வேலை, போக முடியாது என்றான். ஷிஃப்ட் முடிந்ததும் எழுந்துவிடுகிறான் என்று பேச்சு வந்தது. கேக் வெட்டிய அதே மேனேஜர், “எத்தனை நாளைக்கு இப்படி? வீட்ல லேடீஸ் யாரையாவது வரவழையுங்களேன்,” என்றாராம். ஐந்தாவது மாடியில் கீர்த்தனாவுக்கு நேர்மாறாக நடந்தது. ‘குழந்தை பிறந்ததே தெரியாத மாதிரி வேலை பாக்கறாங்க’ என்று அவளைப் புகழ்ந்தார்கள்.

“அக்கா,” என்றான் மகேஷ் ஒரு நாள், வண்டிக்கு நின்றபடி. “என்னை அம்மா ஆக்கிட்டாங்க. அவளை அப்பா ஆக்கிட்டாங்க.”

டீம் லீட் பதவிக்கு உள்ளேயே இன்டர்வியூ வைத்தார்கள். மகேஷுக்கும் அழைப்பு. அன்று முற்பகல், கவுன்டரில் கூட்டமில்லை. டேகேரிலிருந்து போன். குழந்தைக்குத் திடீரென்று காய்ச்சல் ஏறி, கை கால் வெட்டி இழுத்து, கண் சொருகிவிட்டது. அவர்கள் முதலில் கீர்த்தனாவுக்குப் போன் அடித்திருக்கிறார்கள். மகேஷின் எண்ணை முதலில் எழுதிக்கொடுத்திருந்தும் அம்மாவைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். ஐந்தாவது மாடியில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். மகேஷின் போன் இன்டர்வியூவுக்காக அணைந்திருந்தது. அவசரத்துக்கு என்று என் டெஸ்க் எண்ணையும் வாங்கி வைத்திருந்தார்கள், அது நல்லதாகப் போயிற்று.

பெல்லியப்பா சாரிடம் ஓடினேன். “ரெண்டு பேரும் மாட்டியிருக்காங்க சார். அவளுக்கு மேலே ஏதோ பெரிய சிஸ்டம் விழுந்து கிடக்கு, அவனுக்கு இன்டர்வியூ. யாரைக் கூப்பிடறது?”

அவர் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை.

“ரெண்டாவது மாடி பக்கம். அஞ்சாவது மாடி தூரம். நாகராஜை வாசலுக்கு வரச் சொல்லுங்க.”

இரண்டு இரண்டு படியாக ஏறினார். நானும் பின்னால் மூச்சிரைக்க ஓடினேன். கண்ணாடிக் கதவைத் தட்டாமலே திறந்தார். உள்ளே மூன்று பேர் ஒரு பக்கம், மகேஷ் மறுபக்கம் டை கட்டிக்கொண்டு.

“மகேஷ், வண்டி ரெடி. குழந்தைக்கு உடம்பு சரியில்ல. கிளம்பு.”

நடுவில் இருந்தவர் எரிச்சலோடு எழுந்தார். “எக்ஸ்க்யூஸ் மி, இன்டர்வியூ நடக்குது. நான் டெலிவரி மேனேஜர்.”

எங்கள் கம்பெனியில் டெலிவரி என்றால் செய்த வேலையை வாடிக்கையாளரிடம் ஒப்படைப்பது. பெல்லியப்பா சாருக்கு அது தெரியும். ஆனாலும் நேராக நின்று சொன்னார்:

“சார், டெலிவரி முடிஞ்சு பல மாசம் ஆச்சு. இது அதுக்கப்புறம் வர்ற வேலை.”

மகேஷ் அதற்குள் படியில் பாதி தூரம் போய்விட்டான். பெல்லியப்பா சாரும் அவனோடு வண்டியில் ஏறிக்கொண்டார். வண்டியில் நடந்ததை மகேஷ் பின்னால் சொன்னான். குழந்தையை அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வர்த்தூர் ரோட்டில் வண்டிகள் நகரவில்லை. மகேஷ் வாய்விட்டு அழுதுவிட்டான். பெல்லியப்பா சார் இறங்கி, வண்டிக்கு முன்னால் நடந்தபடி பைக்குகளை ஒதுக்கி வழி பண்ணினார். திரும்பி ஏறியதும் வெளியே பார்த்துக்கொண்டே பேசினார்.

“என் பொண்ணு பிறந்தப்போ நான் பார்டர்ல இருந்தேன். முதல் தடவையா பாக்க வரும்போது அவ நடந்துட்டு இருந்தா. கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுகிட்டு, யாரு இந்த அங்கிள்னு அவங்கம்மாகிட்ட கேட்டா. லீவு கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க. கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல.”

இங்கே நான் ஐந்தாவது மாடிக்கு ஏறினேன். என் அட்டைக்கு அந்தக் கதவு திறக்காது. கண்ணாடி வழியாகக் கீர்த்தனா தெரிந்தாள். தலையில் ஹெட்செட், சுற்றிலும் பத்துப் பேர், ஒரே நேரத்தில் இரண்டு திரைகளைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்து, ஒரு விரலைக் காட்டி, இருங்கள் என்றாள். கதவைத் தட்டுகிறேன், சைகை காட்டுகிறேன், அவள் அதற்குள் திரும்பிவிட்டாள். அவ்வளவு நன்றாக வேலை செய்கிற ஒரு பெண்ணை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது.

அவள் வெளியே வருவதற்குள் மகேஷ் என்னைக் கூப்பிட்டுவிட்டான். காய்ச்சலினால் வந்த வலிப்பு, இந்த வயதில் சில குழந்தைகளுக்கு வரும், நின்றுவிட்டது, பயமில்லை என்று டாக்டர் சொன்னாராம். அதைத்தான் கீர்த்தனாவிடம் முதலில் சொன்னேன். அப்புறம் மற்றது எல்லாம்.

அவள் முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது.

“ஏன்க்கா என்கிட்ட சொல்லல? நான் அம்மாக்கா. முதல்ல என்கிட்டதானே சொல்லணும்?”

“ரெண்டாவது மாடி பக்கத்துல இருந்துச்சு கண்ணு.”

“என்னது?”

“பெல்லியப்பா சார் கணக்கு அது. உன்னைக் கூப்பிட வந்தேன், நீதான் விரலைக் காட்டினே.”

அவள் தன் விரலையே பார்த்தாள். லாக்கரிலிருந்து போனை எடுத்துக்கொண்டு இரண்டு படி இறங்கியவள் சட்டென்று நின்றாள்.

“அக்கா, இன்னிக்கு அவருக்கு இன்டர்வியூ.”

“ஆமா.”

அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் தூக்கி நிறுத்தி, அடுத்த வண்டியில் ஏற்றி அனுப்பினேன்.

யாழினி மூன்றாம் நாள் டேகேரில் இன்னொரு குழந்தையைக் கடித்தாள் என்று புகார் வந்தது. அதிலிருந்து உடம்பு தேறிவிட்டது என்று தெரிந்துகொண்டோம். டீம் லீட் பதவி வேறொருவனுக்குப் போனது. இன்டர்வியூவை மறுபடி வைக்கச் சொல்லி மகேஷ் கேட்டான். பார்க்கலாம் என்றார்கள், பார்க்கவில்லை. பெல்லியப்பா சார் பேசியதற்கு விளக்கம் கேட்டார்கள். குழந்தைக்கு அவசரம், வண்டி தயாராக இருந்தது என்று இரண்டே வரியில் கொடுத்தார். அதற்கு மேல் யாரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. சில மாதத்தில் கீர்த்தனாவை மேனேஜர் ஆக்கினார்கள். மகேஷை மாறி மாறி வரும் ஷிஃப்டில் போட்டார்கள். அன்றைக்கு வீட்டில் என்ன பேசினார்களோ, மறுநாள் காலை அவன் என் கவுன்டருக்கு வந்து, “அக்கா, பேப்பர் போட்டுட்டேன்,” என்றான்.

எல்லாரும் கீர்த்தனாவிடமிருந்து எதிர்பார்த்த பேப்பர், போட்டது அவன்.

ஏன் போகிறாய் என்று கேட்டவர்களிடம் உண்மையைச் சொன்னான். குழந்தையைப் பார்த்துக்கொள்ள. ஒருவரும் நம்பவில்லை. அவன் கனடாவுக்குப் போகிறான் என்று இரண்டாவது மாடியில் முடிவு செய்துவிட்டார்கள். கடைசி நாள் அவனுக்கு ஸ்வெட்டர் பரிசு கொடுத்தார்கள்.

ஒரு வருஷம் போல வீட்டில் இருந்தான். யாழினி பேசத் தொடங்கி, அடுக்ககத்து வாட்ச்மேனிடம் கன்னடமும் வீட்டில் தர்மபுரித் தமிழும் பேசினாள். பூங்காவில் மற்ற அம்மாக்கள் முதலில் மகேஷைப் பார்த்துத் தள்ளி உட்கார்ந்தார்களாம். பிறகு டயபர் எங்கே மலிவு என்று அவனிடம்தான் கேட்டார்களாம். குழந்தையை ப்ளேஸ்கூலில் சேர்த்த பிறகு வேலை தேட ஆரம்பித்தான்.

முதல் இடத்தில், “நடுவில் ஒரு வருஷம் என்ன பண்ணீங்க?” என்று கேட்டார்கள்.

“குழந்தையைப் பாத்துக்கிட்டேன்.”

“அது சரி. வேலை என்ன பண்ணீங்க?”

“அதான் சார் சொன்னேன்.”

அந்த வேலை கிடைக்கவில்லை. இரண்டாவது இடமும் அப்படியே. மூன்றாவது இடத்தில் கேட்டவர் ஒரு பெண், வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். எல்லாம் நன்றாகப் போய், கடைசியில் அவர், “இப்போ குழந்தையை யாரு பாத்துக்குவாங்க?” என்று கேட்டிருக்கிறார். பெண்களிடம் மட்டும் கேட்கிற கேள்வி தன் பக்கம் வந்ததில் மகேஷ் திடுக்கிட்டுப் போய், “வொய்ஃப் பாத்துக்குவாங்க மேடம்,” என்று சொல்லிவிட்டான். சாயங்காலமே வேலை உறுதி என்று மெயில் வந்தது.

இதைச் சொல்ல அன்று இரவே எனக்குப் போன் பண்ணினார்கள். அவன் தயங்கித் தயங்கிச் சொல்லி முடிப்பதற்குள் கீர்த்தனா போனைப் பிடுங்கிவிட்டாள்.

“கேட்டீங்களாக்கா? இந்த ஒரு கேள்வியை எத்தனை பேரு எங்கிட்ட கேட்டிருப்பாங்க! ஒரு தடவை கேட்டதுக்கே இவரு என்னை வித்துட்டாரு!” சொல்லிவிட்டுச் சிரித்தாள், நிறுத்த முடியாமல் சிரித்தாள். பின்னால் யாழினியும் ஒன்றும் புரியாமல் சேர்ந்து சிரித்தாள். மகேஷ் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் அவன் அந்த மேடத்துக்கே போன் பண்ணினான். “நேத்து நான் சொன்னது பொய் மேடம். குழந்தையை நான்தான் பாத்துக்கறேன். தினம் அஞ்சு மணிக்கு நான் கிளம்பியே ஆகணும். வேலை குடுக்க வேண்டாம்னா சொல்லிடுங்க.”

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற ஓசை, கதவு சாத்துகிற ஓசை. பிறகு அந்த அம்மாள் தாழ்ந்த குரலில் சொன்னாராம்:

“திங்கக்கிழமை வந்து சேருங்க. எனக்கும் ரெண்டு பசங்க. நானே நாலே முக்காலுக்குக் கிளம்பிடுவேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”